கைப்பிடி, கம்பி, டிரில் - ஒரு கூரை உயர்ந்த வரலாறு

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம், வழக்கமான சாக்குதான். இன்னிக்கு எழுத வச்சது ஒரு விபத்து.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒஹையோவுல ஒரு ஏரிக்கரை. ஒரு பாப்-அப் கேம்பரோட கூரை என் கண்ணு முன்னாடி 'டங்'குனு ஒரு மூலையில சரிஞ்சுது. சரிய வச்ச புண்ணியவான் அடியேன்தான். கையில இருந்தது ஒரு பேட்டரி டிரில். அதுக்கு அரை நிமிஷம் முன்னாடிதான் தங்கமணி உள்ள தலையை விட்டு எதையோ எடுத்துட்டு வெளிய வந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்தக் கூரையை முதல்ல தூக்கினது யாரு, கைப்பிடி வச்சது யாரு, அந்தக் கைப்பிடியைக் கழட்டிட்டு டிரில்லை மாட்டுற நிலைமை எப்படி வந்துச்சுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோட வந்து உக்காருங்க.

*

பாப்-அப் கேம்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சக்கரம் வச்ச ஒரு தட்டையான பெட்டி. கார் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போகலாம். இடத்துக்குப் போனதும் முன்னாடி இருக்குற கைப்பிடியைச் சுத்தணும். சுத்தச் சுத்த பெட்டியோட மூடி நாலு மூலையிலயும் ஒரே சீரா மேல எழும்பும். அந்த மூடிதான் கூரை. அப்புறம் ரெண்டு பக்கமும் கட்டிலை வெளிய இழுத்து, கேன்வாஸை மாட்டினா, அரை மணி நேரத்துல வீடு ரெடி. கூடாரத்தோட வெயிட்டு, வீட்டோட சௌகரியம். (அப்படின்னு விக்கிறவங்க சொல்லுவாங்க.)

இதோட கதை காரோட கதையில இருந்து ஆரம்பிக்குது. ஃபோர்டோட மாடல் டி 1908ல் வந்தது. 1913ல் ஓடும் அசெம்பிளி லைன் வந்ததும் விலை மளமளன்னு இறங்கிச்சு. அதே 1913ல்தான் யோசமிட்டி பூங்காவுக்குள்ள காரை விட ஆரம்பிச்சாங்க. 1916ல் தேசியப் பூங்காக்களுக்குன்னு தனித் துறையே வந்துச்சு. அதுவரைக்கும் ரயில் டிக்கெட்டும் ஹோட்டல் ரூமும் வாங்க முடிஞ்சவங்களுக்கு மட்டும் இருந்த மலையும் காடும், காரும் கூடாரமும் வச்சிருந்த சாதாரண ஜனங்களுக்குக் கிடைச்சது. 1919ல் ஃபுளோரிடா மாநிலம் டாம்பாவுல இந்த மாதிரி ஆளுங்க சேர்ந்து ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. பேரு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. கார் ரேடியேட்டர்ல ஒரு தகர டப்பாவை மாட்டிக்கிட்டா அது சங்கத்து ஆளுன்னு அடையாளம்.

கூடாரத்தைக் கார்ல ஏத்தி இறக்குறதுக்குப் பதிலா ஒரு வண்டியிலேயே மடிச்சு வச்சா என்னன்னு யோசிச்சதுல வந்ததுதான் டென்ட் டிரெய்லர். 1910கள், 20கள்லயே கடைக்கு வந்துடுச்சு. ஆனா அதைத் தூக்கி நிறுத்துறதுக்குக் கையும் காலும் கழியும்தான். மழை வந்தா அதோ கதிதான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றாரு. ஆர்தர் ஷெர்மன்னு டெட்ராய்ட்காரர், பாக்டீரியா ஆராய்ச்சி பண்ணினவர். 1920களோட கடைசியில, சில நிமிஷத்துல நிறுத்திடலாம்னு சொன்ன விளம்பரத்தை நம்பி ஒரு டென்ட் டிரெய்லர் வாங்கி, குடும்பத்தோட மிச்சிகன்ல கேம்பிங் போனாரு. இடிமழை பிடிச்சுக்கிச்சு. நிமிஷத்துல எழும்ப வேண்டிய கூடாரம் எழும்பல. குடும்பமே தொப்பலா நனைஞ்சது. நம்மள மாதிரி ஆளா இருந்தா கடைக்காரனைத் திட்டி ஒரு பதிவு போட்டிருப்போம். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? 'தூக்குற கூரையே வேணாம்'னு, நிரந்தரமா நிக்கிற சுவர் வச்ச ஒரு பெட்டியைச் செஞ்சாரு. பாத்தவங்கெல்லாம் எனக்கும் ஒண்ணு வேணும்னு கேக்க, 'கவர்டு வேகன்'னு கம்பெனி ஆரம்பிச்சாரு. 1930கள் நடுவுல அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அதுதான்.

அதாவது, ஒரு கூரை சரியான நேரத்துல எழும்பாததால ஒரு பெரிய தொழிலே பிறந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

*

கட்டிச் சுவர் வச்ச டிரெய்லர்ல ஒரு சிக்கல். கனம். காத்துல முட்டும். சின்னக் கார் இழுக்காது, நிறுத்தவும் இடம் வேணும். அதனால மடக்குற வகை சாகல. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், குழந்தை குட்டிங்க நிறைய, புது நெடுஞ்சாலைங்க நிறைய, பாக்கெட்ல பணம் கொஞ்சம்னு இருந்த குடும்பங்களுக்கு அதுதான் கட்டுபடி ஆச்சு.

1967ல் கோல்மன் கம்பெனி கேம்பிங் டிரெய்லருக்குள்ள இறங்கிச்சு. கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவுல விளக்கும் அடுப்பும் செஞ்சு பேர் வாங்கினவங்க. டிரெய்லர் செஞ்சது பென்சில்வேனியாவுல சாமர்செட்டுங்கிற ஊர்ல. அடுத்த வருஷம், 1968ல், இந்தியானாவுல மிடில்பரிங்கிற சின்ன ஊர்ல லாயிட் பாண்ட்ரேகர், அவரோட மனைவி பெர்த்தா ரெண்டு பேரும் தங்களோட பண்ணையிலேயே ஜேகோ கம்பெனியை ஆரம்பிச்சாங்க. கோழி வளர்த்த கொட்டகைதான் முதல் தொழிற்சாலை. முதல் வருஷ முடிவுல 15 வேலையாளுங்க, 132 கேம்பர். அவரோட துருப்புச்சீட்டு, கூரையைத் தூக்குறதுக்கு அவரே யோசிச்சு வச்சிருந்த லிஃப்ட் அமைப்பு.

இந்த வகை அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாத்துடலாம். பொட்டி தட்டுறவனா இருந்தாலும் படிச்சது மெக்கானிக்கலாச்சே, இதை விட முடியுமா? :-)

முன்னாடி ஒரு வின்ச். கைப்பிடியைச் சுத்தினா அதுல ஒரு இரும்புக் கம்பிக் கயிறு சுருளும். அந்த ஒரு கயிறு வண்டிக்கு அடியில ஒரு குறுக்குக் கட்டையை இழுக்கும். அங்கேருந்து நாலு கயிறு பிரிஞ்சு, கப்பிங்க வழியா நாலு மூலைக்கும் போகும். மூலையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையிற குழாய்த் தூண். கயிறு இழுக்க இழுக்க தூண் நீளும், கூரை எழும்பும். வேற சில மாடல்கள்ல கயிறுக்குப் பதிலா நீளமான சுருள் கம்பியைக் குழாய்க்குள்ள தள்ளியே தூணை ஏத்துவாங்க. ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான்: ஒரு கை சுத்துறது, நாலு மூலைக்கும் சமமாப் பிரியணும்.

அந்தக் குறுக்குக் கட்டைக்கு இங்கிலீஷ்ல விஃபிள்ட்ரீன்னு பேரு. இது குதிரை வண்டியில இருந்து வந்த வார்த்தை. ரெண்டு குதிரை கட்டின வண்டியில ஒண்ணு வேகமா ஒண்ணு மெதுவா இழுத்தாலும் இழுப்பு சமமாப் போகணும்னு நடுவுல ஆடுற மாதிரி ஒரு கட்டையைத் தொங்கவிடுவாங்க. அதே வேலை. மிடில்பரி சுத்து வட்டாரத்துல ஆமிஷ் மக்கள் அதிகம், இன்னைக்கும் ரோட்டுல குதிரை வண்டி போகுற ஊரு. அந்த ஊர்ல செஞ்ச கேம்பருக்கு அடியில குதிரை வண்டிச் சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கறதை நினைச்சா எனக்கு ஒரு சந்தோஷம்.

வின்ச்சுக்குள்ள ஒரு பிரேக்கும் உண்டு. ஏத்தும்போது 'டிக் டிக் டிக்'னு சத்தம் வரும். கையை விட்டா கூரை அங்கேயே நிக்கும், சுமையே பிரேக் தகட்டை அழுத்திப் பிடிச்சுக்கும். இறக்கும்போது எதிர்ப் பக்கம் சுத்தணும், அப்ப டிக் சத்தம் வராது. இந்தச் சத்தத்தை வச்சே பழைய ஆளுங்க எல்லாம் சரியா இருக்கான்னு சொல்லிடுவாங்க.

*

இப்போ நம்ம வில்லன் கம் ஹீரோவோட கதைக்குப் போவோம். டிரில்.

கரண்டுல ஓடுற டிரில்லுக்கு முதல் பேட்டன்ட் 1889ல், ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல. ஆர்தர் அர்னாட், வில்லியம் பிரெய்ன்னு ரெண்டு பேரு. பாறையையும் நிலக்கரியையும் துளைக்கிறதுக்கு. கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணை 1895ல் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் ஊர் ஃபைன் சகோதரர்கள் செஞ்சாங்க.

1910ல் பால்டிமோர்ல டங்கன் பிளாக், அலான்சோ டெக்கர்னு ரெண்டு இளைஞர்கள் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஒரு பட்டறை ஆரம்பிச்சாங்க. பிளாக் தன்னோட காரை வித்துத்தான் பங்கைப் போட்டாராம். இவங்கதான் டிரில்லுக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு பிடியும் விரல்ல அழுத்துற விசையும் வச்சு, 1917ல் பேட்டன்ட் வாங்கினவங்க. இன்னிக்கு நம்ம வீட்டு டிரில் இருக்குற உருவம் அங்கேருந்து வந்ததுதான். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல தொழிற்சாலை ஆளுங்க டிரில்லைச் சொந்த வேலைக்கு நைசா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதைப் பாத்துத்தான், இதை வீட்டுக்கே விக்கலாமேன்னு கம்பெனிக்குத் தோணிச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. 1946ல் வீட்டுக்கான மலிவு டிரில் வந்துச்சு.

1961ல் அதே பிளாக் அண்ட் டெக்கர் ஒயர் இல்லாத டிரில்லைக் கொண்டு வந்தாங்க. உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரி. இங்க ஒரு ஃபார்வேர்டு மெசேஜ் பொய்யை உடைச்சுடறேன்: 'கார்ட்லெஸ் டிரில்லைக் கண்டுபிடிச்சது நாசா'ங்கிறது தப்பு. டிரில் முதல்ல வந்துச்சு, நாசா அப்புறம்தான் வந்து கேட்டாங்க. நிலாவுல மண்ணைத் துளைச்சு எடுக்க அந்தக் கம்பெனி ஒரு பேட்டரி டிரில் செஞ்சு குடுத்தது. 1971ல் அப்பல்லோ 15ல் டேவிட் ஸ்காட் அதை வச்சுத் துளைச்சாரு. சுமார் 3 மீட்டர் இறங்க வேண்டிய துளை பாதியிலேயே நின்னுடுச்சு. மண் மாதிரி எடுக்குற குழாய் இறங்கிச்சு, ஆனா வெளிய வர மாட்டேன்னுச்சு. கடைசியில ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ரெண்டு பேரா சேர்ந்து மல்லுக்கட்டித்தான் பிடுங்கினாங்க. நிலாவுக்கே போனாலும் மெஷின் சொதப்பினா மனுஷனோட தோள்தான்.

ஆனா அந்தக் காலத்து பேட்டரி டிரில்லை வச்சுக் கேம்பர் கூரையைத் தூக்குறதெல்லாம் நடக்குற காரியம் இல்ல. நிக்கல்-காட்மியம் செல் ஒண்ணுக்கு 1.2 வோல்ட். 18 வோல்ட் வேணும்னா 15 செல் அடுக்கணும். கனம், சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். லித்தியம்-அயான் செல் 1991ல் சோனி மூலமாக் கடைக்கு வந்துச்சு. ஒண்ணுக்கு 3.6 வோல்ட், 5 செல் போதும். 2005ல் மில்வாக்கி கம்பெனி 28 வோல்ட் லித்தியம் கருவிகளைக் கொண்டு வந்ததும் ஆட்டம் மாறிச்சு. பத்து வருஷத்துல அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு 18 வோல்ட் டிரில்.

*

கொஞ்சம் கணக்கு. (கணக்கு பிடிக்காதவங்க அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிடலாம்.)

கூரை 150 கிலோன்னு வச்சுப்போம், ஏசி இருந்தா இன்னும் கூட. 1.2 மீட்டர் தூக்கணும்னா சுமார் 1,800 ஜூல். கப்பி, குழாய் உராய்வுல பாதி போகும்னு வச்சா 3,600 ஜூல். திடமான ஆளு நிதானமா 60 வாட் குடுத்துச் சுத்தினா ஒரு நிமிஷ வேலை. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில இருக்குறது 1,29,600 ஜூல். டிரில்லுக்குள்ள பாதி வீணாப் போனாலும் 15 தடவைக்கு மேல தூக்கலாம். சக்திக்குப் பஞ்சமே இல்ல.

பிரச்சனை வேற இடத்துல. 20 சென்டிமீட்டர் கைப்பிடியை 10 கிலோ விசையில சுத்தினா முறுக்கு சுமார் 20 நியூட்டன் மீட்டர். நம்ம 18 வோல்ட் டிரில் சர்வசாதாரணமா 50, 60 குடுக்கும். கூரை உச்சிக்குப் போய் முட்டினதும் கைக்கு 'கிண்'ணுனு தெரியும், மனுஷன் நிறுத்திடுவான். டிரில்லுக்குத் தெரியாது. அது மூணு மடங்கு விசையில கயிறை இழுத்துக்கிட்டே இருக்கும்.

*

இப்போ அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

கேம்பர் என்னோடது இல்ல. ஆபீஸ்ல எங்க டீம்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவரோடது. முப்பது வருஷத்துக்கு மேல வச்சிருக்காரு. அவரும் அவர் மனைவியும் பிள்ளைங்களை வளர்த்ததே அதுலதான்னு சொல்லுவாரு. ரெண்டு வருஷம் முன்னாடி தோள்ல ஆபரேஷன். அதுக்கப்புறம் கைப்பிடியைச் சுத்த முடியல. வித்துடலாம்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. அப்பத்தான் ஒரு சாக்கெட்டும் அடாப்டரும் வாங்கி டிரில்ல மாட்டி, கூரையைத் தூக்கிப் பாத்திருக்காரு. எழும்பிடுச்சு. விக்கல. அந்த வருஷம் மறுபடியும் ரெண்டு பேரும் ஏரிக்குப் போயிருக்காங்க. "அந்த டிரில் எனக்கு ரெண்டு கோடைக்காலத்தைத் திருப்பிக் குடுத்துச்சு"ன்னு என்கிட்ட சொன்னாரு.

எங்களுக்கு இரவல் குடுக்கும்போது டிரில்லையும் சேர்த்துக் குடுத்தாரு. "சின்ன கியர்ல வை, கிளட்சைக் குறைச்சு வை, கயிறு இறுகினதும் நிறுத்து"ன்னு மூணு சொன்னாரு. நான் தலையை ஆட்டினேன். இன்ஜினியர் இல்லையா நாம.

பின்பக்கம் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு பழைய நைலான் கயிறு தொங்கிட்டு இருந்துச்சு. துணி காயப்போட்ட மிச்சம்னு நினைச்சு அவிழ்த்து ஓரமா வச்சேன். கிளட்ச் வளையத்தை, துளை போடுற படம் போட்ட இடத்துல வச்சேன். அதாவது கிளட்சே இல்ல. விசையை அழுத்தினேன். 'டிக்'கெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து 'டர்ர்ர்'னு ஒரே சத்தம். இருபது செகண்டுல கூரை மேல. தங்கமணி உள்ளேருந்து, "ஏங்க, போதுமா பாருங்க"ன்னாங்க. வெளிய வந்தாங்க. நான் "இன்னும் கொஞ்சம்"னேன்.

டங்.

வலது பின் மூலைக் கயிறு அறுந்துடுச்சு. கூரை அந்தப் பக்கம் ஒரு அடிக்கு மேல சரிஞ்சு நின்னுச்சு. ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. தங்கமணி திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. ஒண்ணும் சொல்லாம மரத்தடியில போய் உக்காந்தாங்க. அதுதான் பயமா இருந்துச்சு.

பெரியவருக்கு போன் போட்டேன். திட்டல. முதல் கேள்வி, "யாருக்காவது அடி பட்டுச்சா?" ரெண்டாவது கேள்வி, "பின்னாடி ஒரு கயிறு கட்டியிருந்தேனே, அது இறுகிச்சா?"

அப்பத்தான் புரிஞ்சுது. துணிக் கயிறுன்னு நான் அவிழ்த்தது, கூரை எவ்வளவு எழும்பலாம்னு அவர் அளந்து கட்டின எல்லைக் கயிறு. கை உணர்ந்த 'கிண்'ணை டிரில் உணராதுன்னு தெரிஞ்சு, அதுக்குப் பதிலா அவர் கண்ணுக்கு வச்ச அடையாளம். ஷெர்மன் கேட்டது நிமிஷத்துல எழும்புற கூரை. என்கிட்ட செகண்டுல எழும்புற கூரை இருந்துச்சு. நிறுத்தத்தான் தெரியல.

*

யாராவது இந்த வேலையில இறங்கினா, நான் குடுத்த ஃபீஸுக்கு ஈடா நாலு பாடம்:

1. முதல்ல உங்க வின்ச்சோட கையேட்டைப் படிங்க. பல வின்ச்சுங்கள்ல பவர் டூல் மாட்டக் கூடாதுன்னே போட்டிருக்கும். போட்டிருந்தா விட்டுடுங்க.

2. மாட்டலாம்னு இருந்தா சின்ன கியர். கிளட்சை ஒண்ணுல ஆரம்பிச்சு, கூரை நகருற அளவுக்கு மட்டும் ஏத்துங்க. உச்சியில முட்டினா கிளட்ச் நழுவணும். கடைசி ரெண்டு மூணு சுத்து கையாலதான்.

3. இறக்குறதுக்கு டிரில் வேணாம். வேகமா இறக்கினா பிரேக் தகடு சூடாகித் தேயும். கூரை எங்கேயாவது சிக்கினாலும் டிரில் கயிறை அவிழ்த்துக்கிட்டே போகும், அப்புறம் கூரை ஒரேயடியா விழும்.

4. கூரை ஏறினதும் நாலு தூணுக்கும் முட்டுக் குடுங்க. தூண் அளவுக்கு வெட்டின பிவிசி குழாயை நீளவாக்குல கீறி மாட்டினாப் போதும். அதுக்கு முன்னாடி யாரையும் உள்ள விடாதீங்க. யாரையும்.

*

கோல்மனோட மடக்கு டிரெய்லர் தொழிலை 1989ல் ஃபிளீட்வுட் வாங்கிச்சு. 2009ல் ஃபிளீட்வுட் திவால், 2011ல் சாமர்செட் தொழிற்சாலையையும் மூடிட்டாங்க. ஜேகோவை 2016ல் தோர் கம்பெனி வாங்கிடுச்சு. புது மாடலுங்க குறைஞ்சு போச்சு. ஆனா இருபது முப்பது வயசான பாப்-அப்புங்க இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதை வாங்கின கைகளுக்கும் வயசாகிடுச்சு. அதான் டிரில் வந்துச்சு. சோம்பேறித்தனம்னு நானும் முதல்ல நினைச்சேன், இல்ல. இன்னும் ஒரு கோடைக்காலம் போய் வரலாமேங்கிற ஆசை.

அடுத்த ரெண்டு சனிக்கிழமை பெரியவர் வீட்டு வாசல்லதான் இருந்தேன். நாலு மூலைக்கும் புதுக் கயிறு. அவர் நாற்காலியில உக்காந்து சொல்லச் சொல்ல, நான் வண்டிக்கு அடியில படுத்து மாட்டினேன். முடிஞ்சதும் டிரில்லை நீட்டினாரு. வேணாம்னு சொல்லிட்டுக் கைப்பிடியை எடுத்தேன். 27 சுத்து. எண்ணினேன். இருபத்தேழாவதுல கைக்கு அந்த 'கிண்' வந்துச்சு. அப்புறம் அவர் கையில புது நைலான் கயிறைக் குடுத்தேன். ரொம்ப நிதானமா, முடிச்சு மேல முடிச்சாப் போட்டாரு.

பி.கு: தங்கமணி இந்தப் பதிவைப் படிச்சுட்டு, 'அரை நிமிஷம் இல்ல, பத்து செகண்டு'ன்னு திருத்தச் சொன்னாங்க. திருத்திட்டேன்னு வச்சுக்கோங்க.